சிவப்புக் கொடிச் சட்டம்: துப்பாக்கியை முதலில் எடுத்துவிட்டு விசாரணையைப் பிறகு வைக்கலாமா?

அமெரிக்காவில் எங்காவது ஒரு பெரிய துப்பாக்கிச் சூடு நடந்தால் மறுநாளே 'ரெட் ஃப்ளாக் சட்டம்' என்ற பேச்சு டிவியில் ஆரம்பித்துவிடும். அங்கேயே குடியிருக்கும் நம் ஆட்களில் பலருக்கு அது என்ன என்று சரியாகத் தெரியாது. ஒரு தரப்பு துப்பாக்கியைப் பிடுங்கும் சட்டம் என்கிறது, இன்னொரு தரப்பு உயிர் காக்கும் சட்டம் என்கிறது. என்னிடம் பலர் கேட்டதையும் எனக்குள் நானே கேட்டுக்கொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தச் சட்டம் வேண்டும் என்பவன் நான். ஆனால் எதிர்மனுதாரருக்கு, அதாவது துப்பாக்கியை இழக்கப்போகிறவருக்கு, ஒரு வக்கீல்கூட இல்லாமல், அரைமணி நேர விசாரணையில் ஒரு வருடத் தடையை எழுதிக் கொடுத்தால், அதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சிவப்புக் கொடிச் சட்டம் என்பது என்ன?

ஒருவர் தன்னையோ மற்றவரையோ சுட்டுவிடுவார் என்று பயப்படக் காரணம் இருந்தால் போலீஸோ, பல மாநிலங்களில் குடும்பத்தாரோ, நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிபதிக்கு அது சரி என்று பட்டால், குறிப்பிட்ட காலத்துக்கு அந்த நபர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, புதிதாக வாங்கவும் கூடாது என்று உத்தரவு போடுவார். இது சிவில் நடவடிக்கை. கைது கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது. உத்தரவை மீறினால்தான் குற்றம்.

இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் மனுதாரர் சொல்வதை மட்டும் கேட்டு இடைக்கால உத்தரவு போடுவார்கள், எதிர்மனுதாரருக்கு அப்படி ஒரு மனு இருப்பதே தெரியாது. துப்பாக்கியை எடுத்துப் போன பிறகு, ஃப்ளோரிடா போன்ற பல மாநிலங்களில் 14 நாட்களுக்குள், கலிஃபோர்னியாவில் 21 நாட்களுக்குள், இரு தரப்பையும் வைத்து முழு விசாரணை நடக்க வேண்டும். அதில் உத்தரவு உறுதியானால் பெரும்பாலும் ஒரு வருடம். கலிஃபோர்னியாவில் ஐந்து வருடம் வரை போகலாம். நியூ ஜெர்சியில் இறுதி உத்தரவுக்குக் காலக்கெடுவே இல்லை, நீங்களாகப் போய் நீக்கச் சொல்லி மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும். சண்டை எல்லாம் இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் நாட்களைப் பற்றித்தான்.

இது எப்போது, எதனால் வந்தது?

1998 மார்ச்சில் கனெக்டிகட் மாநில லாட்டரி அலுவலகத்தில் ஓர் ஊழியர் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அடுத்த வருடமே, 1999ல், அந்த மாநிலம் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இரண்டாவதாக வந்த இண்டியானாவின் கதையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். 2004ன் தொடக்கத்தில் இண்டியானாபொலிஸ் போலீஸ் மனநிலை சரியில்லாத ஒருவரிடமிருந்து துப்பாக்கிகளை எடுத்துச் சென்றது. ஆனால் அவற்றை வைத்துக்கொள்ள அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர் கேட்டார், திருப்பிக் கொடுத்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் அவர் தன் தாயையும், ஜேக் லேர்ட் என்ற போலீஸ் அதிகாரியையும் சுட்டுக் கொன்றார். ஆபத்து என்று போலீஸுக்கே தெரிந்திருந்தும், தெரிந்ததை வைத்து எதுவும் செய்ய வழியில்லாமல் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க வந்த சட்டத்துக்கு லேர்டின் பெயரையே வைத்தார்கள்.

பிறகு 2014ல் கலிஃபோர்னியா ஐலா விஸ்டாவில் ஆறு பேர் கொல்லப்பட்ட பின் அங்கே வந்தது. 2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் இறக்கும் வரை மொத்தம் ஐந்து மாநிலங்களில்தான் இருந்தது. இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. ஃப்ளோரிடாவில் கையெழுத்துப் போட்ட ரிக் ஸ்காட்டும், வெர்மான்ட்டில் கையெழுத்துப் போட்ட ஃபில் ஸ்காட்டும் குடியரசுக் கட்சி ஆளுநர்கள். அதனால் இதை ஒரு கட்சியின் சட்டம் என்று ஒதுக்குவது சரியல்ல.

'உரிய சட்ட நடைமுறை' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் 5ஆம், 14ஆம் திருத்தங்கள், ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ உரிய சட்ட நடைமுறை இல்லாமல் அரசு பறிக்கக் கூடாது என்கின்றன. நடைமுறை என்றால் குறைந்தபட்சம் இரண்டு: உன் மேல் என்ன புகார் என்று உனக்குத் தெரிவிக்க வேண்டும், நீ பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.

எப்போதும் முன்கூட்டியே தர வேண்டுமா என்றால், இல்லை. 1976ல் மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று விஷயங்களை எடைபோடச் சொன்னது: பறிபோகும் உரிமை எவ்வளவு பெரியது, இந்த நடைமுறையில் தவறு நேர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது (கூடுதல் பாதுகாப்பு வைத்தால் அந்தத் தவறு குறையுமா என்பதும் இதில் சேர்த்தி), அப்புறம் அரசின் தேவை எவ்வளவு அவசரமானது. அது துப்பாக்கி வழக்கே அல்ல, ஊனமுற்றோர் உதவித்தொகையை நிறுத்திய வழக்கு. ஆனாலும் இன்றைக்கு இந்தச் சட்டத்தை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவருமே இந்தத் தராசைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

நம் ஊரில் சிவில் கோர்ட்டில் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே, இடைக்காலத் தடை வாங்குவது பலருக்குப் பழக்கமான விஷயம். அதே மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம்: இந்தியாவில் துப்பாக்கி என்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அரசு கொடுக்கும் லைசென்ஸ், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் அது இரண்டாவது திருத்தம் தரும் அடிப்படை உரிமை. இதை மனதில் வைக்காமல் 'துப்பாக்கியை எடுத்தால் என்ன குடி முழுகிவிட்டது' என்று நாம் கேட்டால், அவர்கள் எதற்காகக் கொதிக்கிறார்கள் என்பதே நமக்குப் புரியாது.

குற்றமே செய்யாதவரிடமிருந்து உரிமையைப் பறிப்பது அநியாயம் இல்லையா?

எதிர்ப்பவர்களின் வலுவான கேள்வி இதுதான். கிரிமினல் சட்டம் நடந்ததற்குத் தண்டனை தருகிறது, இந்தச் சட்டம் நடக்கப் போவதைக் கணிக்கிறது. கணிப்பு என்றாலே சில பேர் விஷயத்தில் தப்பாகத்தான் போகும். கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டு யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாமல் வாழ்ந்துவிட்டுப் போகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

இந்தப் பயம் வலதுசாரிகளுக்கு மட்டும் உள்ளது அல்ல. 2018ல் ரோட் ஐலண்டில் மசோதா வந்தபோது, அங்குள்ள அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கத்தின் கிளை, குற்றம் செய்யாதவர் மீது இவ்வளவு பெரிய நடவடிக்கை எடுப்பதில் உள்ள ஆபத்தை விரிவாகவே எழுதியது. அதே வருடம் பிப்ரவரியில் அதிபர் டிரம்ப், முதலில் துப்பாக்கியை எடுங்கள், சட்ட நடைமுறையைப் பிறகு பார்க்கலாம் என்ற பொருளில் பேசினார். அவருடைய ஆதரவாளர்களே அதிர்ந்துபோனார்கள். அதிர்ந்தது நியாயம்தான். பிறகு பார்க்கலாம் என்பதை நாள் குறித்து எழுதி வைக்காவிட்டால் அந்த 'பிறகு' வரவே வராது.

இருந்தும் ஏன் ஆதரிக்கிறேன்? மனைவியை அடிப்பவருக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு கேட்டால், அங்கேயும் முதல் நாள் ஒரு தரப்பைக் கேட்டுத்தான் உத்தரவு போடுகிறார்கள். 'நாளைக்கு உங்கள் துப்பாக்கியை எடுக்கலாமா என்று விசாரிக்கப் போகிறோம், வந்து சேருங்கள்' என்று ஒருவருக்கு முன்கூட்டியே சம்மன் அனுப்பினால், அந்த ஒரு இரவில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் கட்டத்தை இப்படித்தான் நடத்த முடியும். அதனாலேயே இரண்டாவது கட்டத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பொய்ப் புகார் கொடுத்துப் பழிவாங்க மாட்டார்களா?

முயற்சி நடந்திருக்கிறது. கொலராடோவில் சட்டம் அமலுக்கு வந்த 2020 ஜனவரியிலேயே ஒரு பெண், தன் மகனைச் சுட்டுக் கொன்ற போலீஸ் அதிகாரியின் மீது மனுப் போட்டார். அப்போது அங்கே போலீஸோ குடும்பத்தாரோதான் மனுப் போட முடியும் என்பதால், அந்த அதிகாரியோடு தனக்கு ஒரு குழந்தை இருப்பதாகச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார். அது பொய். நீதிபதி மனுவைத் தள்ளினார், அவர் மீது பொய்ச் சாட்சிய வழக்குப் பாய்ந்து தண்டனையும் ஆனது. மகனை இழந்த தாய் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனாலும் விசாரணை என்று ஒன்று இருந்ததால்தான் அந்தப் பொய் பிடிபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாவில் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று போலீஸ் மட்டும்தான் மனுப் போடலாம் என்று வைத்துவிட்டார்கள்.

உத்தரவை நிறைவேற்றப் போகும்போதே உயிர் போயிருக்கிறதாமே?

ஆமாம். மேரிலண்டில் சட்டம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2018 நவம்பர் 5, விடிகாலை ஐந்தே கால் மணி அளவில் போலீஸ் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது. அந்த வீட்டுக்காரர் கையில் துப்பாக்கியோடு கதவைத் திறந்தார், துப்பாக்கிக்காக இழுபறி ஆகி, போலீஸ் சுட்டு அவர் இறந்துபோனார். யாரையும் சாகவிடக் கூடாது என்று வந்த உத்தரவு அது. அந்த நேரத்தில் கதவைத் தட்டினால் அமெரிக்காவில் யார்தான் வெறுங்கையோடு வருவார்கள்? சட்டத்தின் வாசகத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறார்கள், எந்த நேரத்தில், எப்படிப் போய், யாரைப் பேசவைத்து வாங்க வேண்டும் என்பதில் அந்தக் கவனத்தில் பாதிகூட இல்லை என்பது என் ஆதங்கம்.

நீதிபதியை எந்த அளவுக்கு நம்பவைத்தால் போதும்?

இங்கேதான் மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் கட்டத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் போதும் என்ற அளவில்தான் பல இடங்களில் இருக்கிறது, அது தவிர்க்க முடியாதது. இறுதி உத்தரவுக்குப் பெரும்பாலான மாநிலங்கள் 'தெளிவான, நம்பத்தக்க சாட்சியம்' கேட்கின்றன. கொலைவழக்கில் கேட்கும் 'சந்தேகத்துக்கு இடமில்லாமல்' என்பதற்கு ஒரு படி கீழே. வாஷிங்டன், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் இன்னும் கீழே: உண்டு என்பதற்கான தட்டு இல்லை என்பதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தாலே போதும். வீட்டுக் கடன் பாக்கி வழக்குக்கு அது சரி. அடிப்படை உரிமை ஒன்றை ஒரு வருடமோ அதற்கு மேலோ நிறுத்திவைக்க அது போதாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது வக்கீல். இது சிவில் வழக்கு என்பதால் கிரிமினல் வழக்கில் கிடைப்பது போல இலவச வக்கீல் பெரும்பாலான மாநிலங்களில் கிடைக்காது. ஒரு பக்கம் போலீஸும் அரசு வக்கீலும், இன்னொரு பக்கம் முந்தின வாரம்தான் மனம் உடைந்துபோய் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த ஒரு மனிதர், தனியாக. எதைப் பேசினால் பின்னால் கிரிமினல் வழக்கில் தனக்கே எதிராகத் திரும்பும் என்றுகூட அவருக்குத் தெரியாது. பலர் விசாரணைக்கே வருவதில்லை. கொலராடோ இதைப் புரிந்துகொண்டு, எதிர்மனுதாரருக்கு அவர் செலவு இல்லாமல் வக்கீலை நியமிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. மற்ற மாநிலங்கள் ஏன் இன்னும் இதைச் செய்யவில்லை என்பதற்குப் பணத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வக்கீல் இருந்தால் தப்பான உத்தரவுகள் குறையும், சரியான உத்தரவுகளின் மேல் நம்பிக்கை கூடும். இரண்டு கட்சியும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது.

உச்ச நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது?

சிவப்புக் கொடிச் சட்டத்தையே நேரடியாக எடுத்து அது தீர்ப்புச் சொல்லவில்லை. 2021ல் கனிக்லியா வழக்கில், 'அக்கறையில் போனோம்' என்று சொல்லிப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்து துப்பாக்கியை எடுத்துவர முடியாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் 8க்கு 1 என்ற கணக்கில், இன்னொருவரின் உடல் பாதுகாப்புக்கு நிஜமான அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டறிந்த ஒருவரிடம் தற்காலிகமாக ஆயுதம் இல்லாமல் செய்வது இரண்டாவது திருத்தத்துக்கு எதிரானது அல்ல என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். எதிர்த்து எழுதியவர் நீதிபதி தாமஸ்.

ஆதரவாளர்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். முடியவில்லை. ரஹிமி வழக்கில் இருந்தது குடும்ப வன்முறைத் தடை உத்தரவு, அதுவும் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு வாய்ப்புத் தந்த பிறகு போட்டது. ஒரு தரப்பை மட்டும் கேட்டுப் போடும் முதல் கட்ட உத்தரவைப் பற்றி அதில் தீர்ப்பு இல்லை. தன்னையே சுட்டுக்கொள்வார் என்ற பயத்தில் போடும் உத்தரவைப் பற்றியும் இல்லை.

இந்தச் சட்டத்தால் நிஜமாகவே உயிர் பிழைக்கிறதா?

அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. டிவியில் காட்டுவது பள்ளிக்கூடச் சூடுகளை, ஆனால் இந்தச் சட்டம் அதிகம் பயன்படுவது, சாக நினைக்கும் ஒருவரின் கையில் அந்தச் சில நாட்களுக்குத் துப்பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான். அந்த நெருக்கடி நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் வாழ்கிறார்கள். துப்பாக்கி இருந்தால் கடக்க விடுவதில்லை.

டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன் குழு கனெக்டிகட்டில் 1999 முதல் 2013 வரை நடந்த 762 வழக்குகளை ஆராய்ந்து 2017ல் எழுதியது: பத்து முதல் இருபது முறை துப்பாக்கியை எடுத்தால் ஒரு தற்கொலை தடுக்கப்படுகிறது. இதை நான் இரண்டு விதமாகவும் படிப்பேன். ஒரு உயிர் பிழைத்தது என்பது பெரிய விஷயம். அதே கணக்கில், மீதி ஒன்பது பேரோ பத்தொன்பது பேரோ துப்பாக்கி இருந்திருந்தாலும் பெரும்பாலும் சாகாமல் இருந்திருப்பார்கள். அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. எல்லாரிடமிருந்தும் எடுக்கிறோம் என்றால், எல்லாருக்கும் மரியாதையான விசாரணையைக் கொடுக்கும் கடன் நமக்கு இருக்கிறது.

கூட்டுக் கொலைகளைத் தடுக்கிறதா என்பதை நிரூபிப்பது கஷ்டம். நடக்காததை எப்படி எண்ணுவது? கலிஃபோர்னியாவில் கூட்டாகச் சுடப்போவதாக மிரட்டியவர்கள் மீது போட்ட 21 உத்தரவுகளை ஆராய்ந்ததில், பிறகு அவர்களில் யாரும் அப்படிச் சுட்டதாகத் தெரியவில்லை. போடாமல் விட்டிருந்தால் சுட்டிருப்பார்களா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

சட்டம் இருந்த மாநிலங்களிலேயே சூடு நடந்ததே?

நடந்தது. சட்டம் இருந்தது, யாரும் மனுப் போடவில்லை. இல்லினாயில் 2019 செப்டம்பரில் ஓர் இளைஞன் வீட்டில் எல்லாரையும் கொன்றுவிடுவேன் என்றதாகச் சொல்லி, போலீஸ் 16 கத்திகளை எடுத்துப் போனது. துப்பாக்கித் தடை உத்தரவு யாரும் கேட்கவில்லை. சில மாதங்களில் அவனுடைய அப்பாவே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு அவனுக்குத் துப்பாக்கி அனுமதி அட்டை வாங்கித் தந்தார். 2022 ஜூலை 4, ஹைலண்ட் பார்க் சுதந்திர தின ஊர்வலத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அதே வருடம் மே மாதம் நியூயார்க்கின் பஃபலோவில் பத்துப் பேரைக் கொன்றவனும், முந்தின வருடம் பள்ளியில் மிரட்டல் விடுத்து மனநலப் பரிசோதனைக்குப் போய்வந்தவன்தான்.

மெய்ன் மாநிலத்தில் இருந்தது 'மஞ்சள் கொடி' என்ற இன்னும் கட்டுப்பாடான சட்டம்: முதலில் போலீஸ் அந்த நபரைக் காவலில் எடுக்க வேண்டும், பிறகு மருத்துவப் பரிசோதனை, அதன் பிறகுதான் நீதிபதி. 2023ல் ஒரு ராணுவ ரிசர்வ் வீரரைப் பற்றி அவருடைய குடும்பமும் சக வீரர்களும் மாதக்கணக்கில் எச்சரித்தார்கள். அக்டோபர் 25 அன்று லூயிஸ்டனில் அவர் 18 பேரைக் கொன்றார். மஞ்சள் கொடியைப் பயன்படுத்தப் போதிய காரணம் முன்பே இருந்தது என்று விசாரணைக் குழு பிறகு சொன்னது. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் மெய்ன் மக்கள், குடும்பமே நேராக நீதிமன்றம் போகும் சட்டத்துக்கு வாக்களித்தார்கள்.

இது மனநோயாளிகளுக்கு எதிரான சட்டமா?

இல்லை. நோயின் பெயரைப் பார்த்து உத்தரவு போடக் கூடாது, என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை.

மத்திய அரசுச் சட்டம் உண்டா?

நாடு முழுவதற்குமான உத்தரவு முறை இல்லை. டெக்சஸின் யுவால்டி பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2022 ஜூனில் இரு கட்சியும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டு, மாநிலங்களின் இதுபோன்ற திட்டங்களுக்காக 75 கோடி டாலர் ஒதுக்கினார்கள். நேரில் விசாரணை, எதிர்ச் சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை எல்லாம் இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். ஆனால் வக்கீல் செலவு அரசுடையது அல்ல என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. நல்ல வாய்ப்பை அங்கே கோட்டைவிட்டார்கள். ஓக்லஹோமா மாதிரி சில மாநிலங்கள் எதிர்த்திசையில் போய், இப்படி ஒரு சட்டமே இங்கே செல்லாது என்று சட்டம் போட்டிருக்கின்றன.

நான் அமெரிக்காவில் இருக்கிறேன், என் மேல் இப்படி ஓர் உத்தரவு வந்தால்?

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் மாதிரியான சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர் என்றால்: வந்த போலீஸோடு வாசலில் வாதாடாதீர்கள், துப்பாக்கியை எடுத்துக் காட்டப் போகாதீர்கள், எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். எடுத்துப் போனவற்றுக்கு ரசீது வாங்குங்கள். விசாரணைத் தேதியைத் தவறவிடாதீர்கள். எப்படியாவது ஒரு வக்கீலைப் பிடியுங்கள்.

வீட்டில் ஒருவரை நினைத்துப் பயமாக இருக்கிறது. மனுப் போட்டால் அவர் வாழ்க்கை கெட்டுவிடுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். பொதுவாக இந்த உத்தரவு கிரிமினல் ரெக்கார்டாக ஏறாது, ஆனால் துப்பாக்கி வாங்கும்போது செய்யும் பின்புலச் சோதனையில் தெரியும். உங்கள் மாநிலத்தில் குடும்பத்தார் மனுப் போட முடியுமா என்று பாருங்கள். ஃப்ளோரிடா மாதிரி இடங்களில் போலீஸிடமோ ஷெரிஃப் அலுவலகத்திலோதான் போய்ச் சொல்ல வேண்டும். போகும்போது 'அவர் ஆபத்தானவர்' என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்தத் தேதி, என்ன சொன்னார், எந்த மெசேஜ், எத்தனை துப்பாக்கி, எங்கே இருக்கிறது என்று எழுதி எடுத்துப் போங்கள். அவருடைய நல்லதையும் மறைக்காமல் எழுதுங்கள், நீதிபதி இரண்டையும் பார்க்க வேண்டும். விசாரணைக்கு அவர் வரும்படி பாருங்கள். முடிந்தால் அவருக்கு ஒரு வக்கீலை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள், உங்கள் மனுவுக்கு எதிராக வாதாடப் போகிறவராக இருந்தாலும் பரவாயில்லை. இன்று இரவே ஏதாவது நடந்துவிடும் என்று தோன்றினால் மனுவுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், 988க்கோ (தற்கொலை நெருக்கடி உதவி எண்) 911க்கோ (அவசர உதவி எண்) உடனே போன் செய்யுங்கள்.